டிடி 214-இல் விடுபட்ட பதக்கங்களைச் சேர்ப்பது எப்படி: அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு முழு வழிகாட்டி

எதிர்வீட்டுப் பெரியவரின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. அதற்குள் ஒரு இரும்புத் துணுக்கும் இருக்கிறது, எக்ஸ்ரேயில் அரிசி மணி அளவுக்கு வெள்ளையாகத் தெரியும். 1969 மே மாதம் வியட்நாமில் பட்ட குண்டுச்சிதறல் அது. ஆனால் ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிடி 214 என்ற விடுவிப்புத் தாளில், எதிரியால் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்பிள் ஹார்ட் பதக்கம் இல்லை. ஐம்பது வருடங்களுக்கு மேலாக அந்தத் தாளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தவர், வெளியில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் மனைவி என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, வக்கீலும் இல்லை. அவரோடு உட்கார்ந்து படிவம் படிவமாக நிரப்பிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் எதற்கு என்று கேட்கலாம். தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2008 கடைசியில் அறிவிக்கப்பட்ட மாவ்னி (MAVNI) திட்டத்தில், அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று முன்னாள் வீரர்கள். அமெரிக்கக் குடும்பங்களில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் வீட்டில் கொரியாவுக்கோ வியட்நாமுக்கோ போய் வந்த மாமனார் ஒருவர் இருக்கிறார். அந்தக் காகிதங்களை எடுத்துப் பார்க்கும் வேலை பெரும்பாலும் மருமகன் கைக்கோ மருமகள் கைக்கோதான் வரும்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது

பதக்கம் கேட்பது கெஞ்சிக் கேட்கிற விஷயம் இல்லை. சம்பாதித்ததை ரெக்கார்டில் ஏற்றச் சொல்கிறோம், அவ்வளவுதான். அதனால் எங்கு எழுதினாலும் அவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, எந்தத் தேதியில், எந்தப் பிரிவில், எந்த ஆணைப்படி என்று காட்டும் ஒரே ஒரு தாள் பல மடங்கு வேலை செய்யும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தத் தாளைத் தேடுவதைப் பற்றித்தான்.

இன்னொன்று, டிடி 214-ஐத் திருத்தி மறுபடி அச்சடித்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய தாள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். டிடி 215 என்று ஒரு திருத்தத் தாள் வரும், இந்த எண் கட்டத்தில் இதைச் சேர்க்கவும் என்று அதில் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் முழு ரெக்கார்ட்.

படி 1: கையில் இருக்கும் தாள் எந்த நகல் என்று பாருங்கள்

டிடி 214 என்ற படிவம் 1950-இல்தான் வந்தது. அதற்கு முன் வெளியே வந்த தரைப்படை வீரர்களிடம் டபிள்யூடி ஏஜிஓ 53-55 போன்ற வேறு படிவங்கள் இருக்கும். பின்னாளில் வந்த 214-களில் மெம்பர்-1, மெம்பர்-4 என்று நகல்கள் உண்டு. மெம்பர்-1 சுருக்க நகல், எந்த விதத்தில் விடுவிக்கப்பட்டார் என்ற விவரம் அதில் இருக்காது. உங்களுக்கு வேண்டியது மெம்பர்-4.

விருதுகள் இருக்கும் கட்டத்தின் எண் காலத்துக்கு ஏற்ப மாறும். இப்போதைய படிவத்தில் 13. பெரியவரின் தாள் 1966-இல் வெளியான பதிப்பு, அதில் 24. எந்தக் கட்டம் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொரு கடிதத்திலும் தேவைப்படும்.

படி 2: ஒரு தாள் போதாது, முழுக் கோப்பையும் வரவழையுங்கள்

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் தேசிய ஆட்பதிவு மையம் இருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் வருவது. எஸ்எஃப் 180 என்ற படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பலாம், அல்லது ஈவெட்ரெக்ஸ் (eVetRecs) என்ற அவர்கள் தளம் வழியாக ஆன்லைனில் கேட்கலாம். வீரர் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்து கட்டாயம். இறந்திருந்தால் மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம், இறப்புச் சான்று இணைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள், அதனால் பாட்டியோ அப்பாவோ கையெழுத்துப் போடட்டும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். படிவத்தில் 214-இன் நகல் என்று மட்டும் டிக் அடித்தால் அந்த ஒரு தாள்தான் வரும், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஆட்பதிவுக் கோப்பு முழுவதும் வேண்டும் என்று எழுதுங்கள். வியட்நாம் காலத்துத் தரைப்படை வீரராக இருந்தால் இருந்த இடங்கள், காயங்கள், விருதுகள் எல்லாம் பதிந்த டிஏ ஃபார்ம் 20 என்ற அட்டை வேண்டும் என்று தனியாகவே எழுதுங்கள். எங்களுக்கு எல்லாவற்றையும்விட உதவியது அதுதான்.

வெளியே வந்து 62 வருடம் ஆகிவிட்டால் கோப்பு பொது ஆவணமாகிவிடும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் நகலுக்குக் கட்டணம் உண்டு. இந்த 62 வருடக் கணக்கு ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே வரும். சமீபத்தில் வெளியே வந்தவர்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம், அவர்கள் கோப்பு மின்னணு வடிவில் இருக்கும், மில்கனெக்ட் தளத்தில் கேட்டாலே கிடைக்கும்.

படி 3: என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் 214-இல் உள்ள விருதுகள், வலது பக்கம் அந்த இடம், காலம், வேலை இவற்றின்படி வர வேண்டியவை. பெரியவர் 1969 மார்ச் முதல் 1970 மார்ச் வரை வியட்நாமில் காலாட்படைக் கம்பெனியில் இருந்தவர். அவர் தாளில் தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், வியட்நாம் போர்ப் பதக்கம், காலாட்படைப் போர்வீரர் பேட்ஜ், நாலும் இருந்தன. விடுபட்டது எவ்வளவு என்று பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

முதலாவது வெண்கல நட்சத்திரங்கள். வியட்நாம் சேவைப் பதக்கத்தின் ரிப்பனில், கலந்துகொண்ட ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் ஒரு சின்ன நட்சத்திரம் குத்த வேண்டும். 1969 பிப்ரவரி 23 முதல் ஜூன் 8 வரை ஒரு கட்டம், ஜூன் 9 முதல் அக்டோபர் 31 வரை அடுத்தது, நவம்பர் 1 முதல் 1970 ஏப்ரல் 30 வரை இன்னொன்று. ஆக மூன்று நட்சத்திரம். தாளில் வெறும் பதக்கத்தின் பெயர்தான் இருந்தது. (இந்தக் குட்டி நட்சத்திரமும் ப்ரோன்ஸ் ஸ்டார் மெடல் (Bronze Star Medal) என்ற தனி விருதும் ஒன்று என்று நினைத்துக் குடும்பங்கள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. கடிதம் எழுதும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.)

இரண்டாவது, வியட்நாம் குடியரசின் வீரச் சிலுவை, பனை ஓலைச் சின்னத்தோடு பிரிவுக்கு வழங்கப்பட்டது. 1974-இல் வந்த தரைப்படைத் துறையின் 8-ஆம் எண் ஜெனரல் ஆர்டர், 1962 பிப்ரவரி 8 முதல் 1973 மார்ச் 28 வரை அங்கே இருந்த படைத் தலைமைக்கும் அதன் கீழ் இருந்த எல்லாப் பிரிவுகளுக்கும் இதை ஒட்டுமொத்தமாகக் கொடுத்தது. 1970-இல் வீட்டுக்கு வந்தவருடைய தாளில் 1974-இல் பிறந்த ஆணை எப்படி இருக்கும்? இதில் யார் மீதும் தப்பு இல்லை. ஆனால் யாராவது கேட்டால்தான் சேரும்.

மூன்றாவது, நன்னடத்தைப் பதக்கம். பொதுவாக மூன்று வருட சேவைக்கு என்றாலும், கட்டாய ஆள்சேர்ப்பில் இரண்டே வருடம் இருந்து வெளியே வந்தவர்களுக்கும் முதல் பதக்கத்துக்கு வழி உண்டு. டிஏ ஃபார்ம் 20-இன் 38-ஆம் கட்டத்தில், இருந்த ஒவ்வொரு இடத்திலும் நடத்தை, திறமை இரண்டுக்கும் மதிப்பீடு எழுதியிருப்பார்கள். எல்லாம் எக்ஸலன்ட் என்று இருந்து, கமாண்டர் யாரும் மறுத்து எழுதியிருக்கவில்லை என்றால் கேட்கத் தயங்க வேண்டாம். பெரியவருக்கு ஏழு வரி, ஏழிலும் எக்ஸலன்ட்.

நான்காவதுதான் பர்பிள் ஹார்ட். அதற்குத் தனியாக வருகிறேன்.

மற்ற காலத்தவர்களுக்கும் இப்படி அடிக்கடி விடுபடுபவை உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 7 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்தில் காலாட்படைப் போர்வீரர் பேட்ஜோ போர்க்கள மருத்துவ பேட்ஜோ வாங்கியவர்களுக்கு, பின்னால் எடுத்த முடிவின்படி, ப்ரோன்ஸ் ஸ்டார் மெடலுக்கு உரிமை உண்டு. தாத்தாவின் தாளில் அந்த பேட்ஜ் மட்டும் இருந்தால் அதை வைத்தே இதைக் கேட்கலாம். கொரியாவில் 1954 ஜூலை 28-க்குப் பிறகு வேலை பார்த்தவர்களுக்கான கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்தை 2002-இல் வந்த சட்டம்தான் உருவாக்கியது, முன்தேதியிட்டு. தொடர்ந்து 30 நாள் அல்லது விட்டுவிட்டு 60 நாள் இருந்திருந்தால் போதும். 1960-களிலும் 70-களிலும் எல்லைக்கோட்டுப் பக்கம் குளிரில் காவல் நின்றவர்கள் ஒருவர் தாளிலும் அது இருக்க வழியில்லை. கொரியப் போரில் இருந்தவர்களுக்குக் கொரிய அரசு அப்போதே கொடுக்க முன்வந்த போர்ச் சேவைப் பதக்கத்தை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1999-இல்தான். போர்க்கைதியாக இருந்தவர்களுக்கான பதக்கமும் 1985-இல் சட்டமாகி, 1917 வரை பின்னோக்கிப் போகிறது.

படி 4: எது எந்த வகை என்று பிரியுங்கள்

ஒவ்வொரு வகைக்கும் போக வேண்டிய இடம் வேறு, தப்பான இடத்துக்கு எழுதினால் மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பார்த்தால் நீங்கள் கேட்க வேண்டியது எங்களிடம் இல்லை என்று ஒரு கடிதம் வரும். எங்களுக்கும் வந்தது.

அங்கே இருந்தாலே கிடைக்கும் சேவைப் பதக்கங்கள், பிரிவுக்கு வந்த விருதுகள் ஒரு வகை. தனிப்பட்ட விருதுக்கு ஆணை வந்திருக்கிறது, ஆனால் 214-இல் ஏறவில்லை என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் எஸ்எஃப் 180-ஐ வைத்து செயின்ட் லூயிஸுக்கே எழுதலாம். கோப்பைப் பார்த்து உரிமை இருக்கிறதா என்று சரிபார்த்து, பதக்கம் அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். தரைப்படைப் பதக்கங்கள் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும், கடற்படை, மரைன் பதக்கங்கள் டென்னசியின் மில்லிங்டனிலிருந்தும் வரும். வீரருக்கு இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. கோப்பிலேயே எல்லாம் தெளிவாக இருந்தால், ராணுவ ரெக்கார்டுகளைத் திருத்தும் வாரியம் வரை போகாமல் நிர்வாக மட்டத்திலேயே 215 வந்துவிடும். கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள், பதக்கமும் வேண்டும், 215-உம் வேண்டும் என்று. பதக்கம் மட்டும் கேட்டால் பெட்டி வரும், ரெக்கார்ட் பழையபடியே இருக்கும்.

மூன்றாவது வகை, ஆணையே கிடைக்கவில்லை அல்லது செயின்ட் லூயிஸ் மறுத்துவிட்டது என்பது. இதற்குத்தான் வாரியம். நான்காவது, ஒரு வீரச் செயலுக்கு மேலதிகாரி சிபாரிசே எழுதவில்லை அல்லது எழுதியது தொலைந்துவிட்டது என்பது. இதற்குப் பாதை வேறு, கடைசியில் சொல்கிறேன்.

பர்பிள் ஹார்ட்: இதில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாக

மற்ற வீர விருதுகளைப் போல யாரோ சிபாரிசு செய்து கிடைப்பதில்லை இது, உரிமையாக வருவது. ஆனால் மூன்று விஷயம் காட்ட வேண்டும்: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டது, அதற்கு மருத்துவ சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது. மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் சிக்குகிறார்கள். தழும்பு இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, விஏ (முன்னாள் வீரர் நலத்துறை) அந்தக் காயத்துக்கு ஊனத் தொகைகூடக் கொடுக்கிறது, இவ்வளவும் இருந்தும் போதாது என்பார்கள். ஏனென்றால் காயம் ராணுவத்தில் பட்டது என்பதைத்தான் அவை காட்டுகின்றன, எதிரியால் பட்டது என்று காட்டவில்லை.

பெரியவரின் டிஏ ஃபார்ம் 20-இல் 40-ஆம் கட்டம் காயங்களுக்கானது. அது காலி. 41-ஆம் கட்டம் விருதுகள், அங்கும் பர்பிள் ஹார்ட் இல்லை. கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் தரைப்படை மனிதவளத் தலைமையகத்தின் விருதுப் பிரிவு இருக்கிறது, பர்பிள் ஹார்ட் கேட்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அது. ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. அன்று அவர் அந்தக் கடிதத்தை மடித்து டப்பாவுக்குள் வைத்துவிட்டு, போதும் தம்பி என்ற அர்த்தத்தில் தலையை ஆட்டினார். அவர் மனைவிதான் விடவில்லை.

அப்புறம் எங்கெங்கே தேடினோம் என்பதைச் சொல்கிறேன், இது உங்களுக்கு அப்படியே பயன்படும்.

வியட்நாமில் காயம்பட்டவர்களுக்குப் பர்பிள் ஹார்ட் ஆணையைப் பல சமயம் போட்டது அவர்களுடைய கம்பெனி இல்லை, சிகிச்சை கொடுத்த மருத்துவமனை. அந்த ஆணையின் நகல் கம்பெனிக்கு வந்து சேராமல் போனால் கோப்பில் ஏறாது. மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ரெக்கார்ட் குரூப் 472 என்ற தொகுப்பு இருக்கிறது, தென்கிழக்கு ஆசியாவில் இருந்த அமெரிக்கப் படைகளின் காகிதங்கள். மருத்துவமனைகளின் ஜெனரல் ஆர்டர்களை அங்கே தேடச் சொல்லலாம். 1965 முதல் 1973 வரையிலான வியட்நாம் ஜெனரல் ஆர்டர்களுக்கு அட்கார்ஸ் என்ற கணினி அட்டவணையும் உண்டு, அதில் தேடிப் பார்க்கும்படி விருதுப் பிரிவிடம் கேளுங்கள். வியட்நாம் காயம்பட்டோர் பட்டியல் தனியாக இருக்கிறது, அதில் பெயர் இருந்தால் எதிரியால் பட்ட காயம் என்பதற்கு அது பலமான சான்று.

இன்னொரு இடம் மார்னிங் ரிப்போர்ட். கம்பெனியில் யார் வந்தார், யார் போனார், யார் மருத்துவமனையில் சேர்ந்தார் என்ற தினசரிக் கணக்கு. தேதியைத் துல்லியமாகக் கொடுத்தால்தான் தேடுவார்கள். அந்தத் தேதி எங்களுக்குக் கிடைத்தது அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தின் உறையிலிருந்து. ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) சான் பிரான்சிஸ்கோ என்ற முத்திரை, உள்ளே மூன்றே வரி, கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, கவலைப்படாதே என்று. மருத்துவமனையில் படுக்கையில் இருந்து சிகிச்சை பெற்ற ரெக்கார்ட் ஆட்பதிவுக் கோப்பில் இருக்காது, மருத்துவமனையின் பெயரில் தனியாக அடுக்கியிருப்பார்கள். அதனால் மருத்துவமனையின் பெயரும் வருடமும் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் அந்த ஆணை கிடைத்தது. ஏன் இத்தனை வருடம் கிடைக்கவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. குடும்பப் பெயரில் ஒரு எழுத்து தப்பு. பெயர் தப்பு, எண் சரி. தரைப்படை 1969 ஜூலை 1-ஆம் தேதிதான் பழைய சேவை எண்ணை விட்டுவிட்டுச் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. அவருக்குக் காயம் பட்டது மே மாதம், ஆக ஆணையில் இருந்தது யுஎஸ் என்று தொடங்கும் பழைய எண். நாங்கள் அதுவரை எல்லாக் கடிதத்திலும் சமூகப் பாதுகாப்பு எண்ணையே எழுதிக்கொண்டிருந்தோம். நீங்கள் முதல் கடிதத்திலேயே இரண்டு எண்ணையும் எழுதுங்கள், பெயரை எப்படியெல்லாம் தப்பாக அடித்திருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் தமிழ்ப் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம், முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்பதிலேயே கோப்புக்குக் கோப்பு மாறியிருக்கும்.

கோப்பு எரிந்துவிட்டது என்று பதில் வந்தால்

1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் மையத்தில் பெரிய தீ விபத்து நடந்தது. 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை வெளியே வந்த தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம், 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியே வந்த விமானப்படையினரில், அகர வரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் 75 சதவீதம். நகலோ மைக்ரோஃபிலிமோ எதுவும் இருக்கவில்லை.

எரிந்துவிட்டது என்ற கடிதத்தோடு மனம் விட்டுவிடாதீர்கள். என்ஏ 13075 என்ற கேள்விப் படிவத்தை அனுப்புவார்கள். பிரிவின் பெயர், கப்பல் ஏறிய தேதி, முகாம் எல்லாவற்றையும் நினைவில் இருக்கும்வரை நிரப்பிக் கொடுங்கள். கடைசிச் சம்பள ரசீது, மார்னிங் ரிப்போர்ட் போன்ற வேறு காகிதங்களை வைத்துச் சேவையை மறுபடி கட்டியெழுப்புவார்கள். வீட்டில் இருக்கும் பழைய காகிதமும் கணக்கில் வரும்: அந்தக் காலத்து உள்ளூர்ச் செய்தித்தாள் துணுக்கு, தந்தி, கவுண்டி அலுவலகத்தில் பதிந்து வைத்த டிஸ்சார்ஜ் தாள். வீரர்கள் ஊர் திரும்பியதும் கவுண்டியில் பதிவது அப்போது வழக்கம், அதனால் அவர் அப்போது வாழ்ந்த கவுண்டியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கடற்படை, மரைன் கோப்புகளை இந்தத் தீ தொடவில்லை.

படி 5: வாரியத்துக்கு விண்ணப்பம்

இதற்கான படிவம் டிடி 149. ஒவ்வொரு படைக்கும் ஒரு வாரியம் உண்டு: தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கும் விண்வெளிப்படைக்கும் சேர்த்து ஒன்று, கடலோரக் காவல்படைக்குத் தனி. டிடி 293 என்று இன்னொரு படிவம் கண்ணில் படும். அது எந்த விதத்தில் விடுவிக்கப்பட்டார் என்பதை மாற்றக் கேட்பது, பதக்கத்துக்கு அது வேண்டாம்.

வாரியத்துக்குப் போவதற்கு முன் கீழ்மட்டத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். செயின்ட் லூயிஸின் பதில், ஃபோர்ட் நாக்ஸின் பதில், மறுப்புக் கடிதமாக இருந்தாலும் இணையுங்கள். அந்த மறுப்புதான் நீங்கள் கதவைத் தட்டிவிட்டு வந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி.

பிழை தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐம்பது வருடம் கழித்துப் போகிறோமே என்று பயப்பட வேண்டாம், நியாயத்துக்காகக் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் உண்டு. அங்கே உண்மையை எழுதுங்கள். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: ஆணை போடப்பட்டதே எனக்குத் தெரியாது, இந்த வருடம் இந்த மாதம் ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் வந்த அன்றுதான் தெரிந்தது.

என்ன திருத்தம் வேண்டும் என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம் போதும். என் டிடி 214-இன் 24-ஆம் கட்டத்தில் பர்பிள் ஹார்ட், நன்னடத்தைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கத்துக்கு மூன்று வெண்கல நட்சத்திரங்கள், வீரச் சிலுவைப் பிரிவு விருது ஆகியவற்றைச் சேர்க்கவும், இப்படி. ஏன் என்ற கட்டத்தில் ஒவ்வொரு விருதுக்கும் இரண்டு மூன்று வரி, வரி முடிவில் இணைப்பு எண். இணைப்புகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் போட்டு, முதல் பக்கத்தில் பட்டியல் வையுங்கள். வாரியத்தில் படிப்பவர் ஒரு நாளில் எத்தனை கோப்பு பார்க்கிறார் என்று யோசித்துப் பாருங்கள், அவர் தேடாமல் கிடைக்க வேண்டும். அசல் தாள் எதையும் அனுப்ப வேண்டாம்.

கூட இருந்தவர்களின் வாக்குமூலம் மதிப்புள்ளது, ஆனால் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து. நல்ல மனிதர், தைரியசாலி என்று எழுதினால் பயனில்லை. நான் இந்தப் பிளட்டூனில் இருந்தேன், இந்தத் தேதி வாக்கில், இந்த இடத்தில், மோர்ட்டார் விழுந்தபோது அவருக்குப் பத்தடி தள்ளி நின்றேன், மருத்துவ வீரர் கட்டுப் போட்டதைப் பார்த்தேன், இப்படி இருக்க வேண்டும். நேரில் பார்க்காததை எழுதச் சொல்லாதீர்கள். பொய்யான தகவல் கொடுப்பது குற்றம் என்று படிவத்திலேயே இருக்கிறது, தாங்களே கைவைத்து மாற்றிய 214-ஐ இணைத்தால் உண்மையான கோரிக்கையும் சேர்ந்து கெட்டுப்போகும். சாட்சிகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஆவணம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அவர்களிடம் எழுதி வாங்குங்கள்.

நான் மிகவும் தாமதமாகக் கண்டுபிடித்த ஒரு உதவி: வாரியங்களின் பழைய முடிவுகள் பெயர்களை நீக்கி இணையத்தில் இருக்கின்றன. உங்கள் விருதின் பெயரையும் போரின் பெயரையும் போட்டுத் தேடினால், உங்களைப் போன்ற ஒருவருக்கு எந்தத் தாளைப் பார்த்துச் சரி என்றார்கள், எது இல்லாததால் மறுத்தார்கள் என்பது தெளிவாக இருக்கும். பத்து முடிவுகளைப் படித்தால் எப்படி எழுதுவது என்று தானாகவே பிடிபடும்.

காலம்? 90 சதவீத விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதத்துக்கு மேல் இழுக்காமலும் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்கேற்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது

பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். கவுண்டி தோறும் முன்னாள் வீரர் சேவை அலுவலர் இருப்பார், அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற சங்கங்களிலும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் இலவசம். பதிலே வராமல் கிடந்தால் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் முன்னாள் வீரர் விவகாரம் பார்ப்பவரைக் கேளுங்கள். வீரர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவம் ஒன்று வாங்குவார்கள், அவர்கள் ஒரு கடிதம் போட்டால் கோப்பு எங்கே நிற்கிறது என்பதாவது தெரிந்துவிடும். முடிவை அவர்களால் மாற்ற முடியாது.

சிபாரிசே இல்லாத வீரச் செயல்கள்

சில்வர் ஸ்டார் போன்றவற்றுக்கு அன்றைக்கே மேலதிகாரி எழுதியிருக்க வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கெடு தாண்டியிருந்தால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் உள்ள 1130-ஆம் பிரிவின்படி ஒரு செனட்டரோ பிரதிநிதியோ அதைப் படைத்துறைக்கு அனுப்பி, தகுதியை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கேட்கலாம். தரைப்படைக்கு டிஏ 638 படிவம், அன்றைய கமாண்டரோ சம்பவத்தை நேரடியாக அறிந்தவரோ எழுதியது, கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலம், எல்லாம் வேண்டும். கடினமான பாதைதான். 1965 ஜூனில் போங் சோன் சண்டையில் போராடிய பாரிஸ் டேவிஸின் சிபாரிசு ஒரு முறைக்கு மேல் தொலைந்து, அவருக்கு உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது 2023 மார்ச்சில். 1945 ஜனவரியில் பிரான்சில் சண்டையிட்ட கார்லின் கானருக்காக அவர் மனைவி பாலீன் வாரியத்திலும் நீதிமன்றத்திலும் வருடக்கணக்கில் போராடி, 2018-இல் அவர் கையில்தான் அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். கணவர் இறந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் வழக்குக்கு உயிர் கொடுத்தது புதிதாகக் கிடைத்த நேரடிச் சாட்சிகளின் வாக்குமூலங்கள்.

மறுத்துவிட்டால்

முன்பு காட்டாத புதிய ஆதாரம் இருந்தால் வாரியம் மறுபடி பார்த்தே ஆக வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதே காகிதங்களை மறுபடி அனுப்பினால் அது எடுபடாது. மறுப்புக் கடிதத்தில் எந்த வாக்கியத்தில் எது இல்லை என்கிறார்கள் என்று கோடிட்டு, அதை மட்டும் தேடிப் போங்கள். அதற்கு மேல் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வக்கீல் வேண்டும்.

இன்னும் யூனிஃபார்மில் இருக்கும் பிள்ளைகளுக்கு

வெளியே வரும் வாரத்தில் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் 214 வரைவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். 13-ஆம் கட்டத்தை வரி வரியாகப் பாருங்கள். கடைசிப் பணியிடத்தின் விருது ஆணை பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும், வெளியே வந்த பிறகு வந்தால் அந்த ஆணையின் நகலை வைத்தே 215 கேளுங்கள். எல்லா ஆணைகளையும் பிடிஎஃப் ஆக எடுத்து அம்மா அப்பா வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். அன்றைக்கு அரை மணி நேரம் செலவழித்தால் பின்னால் அரை ஆயுள் அலைய வேண்டாம்.

215 வந்த பிறகு

பெயர், எண், கட்ட எண், நட்சத்திரங்களின் எண்ணிக்கை, எல்லாம் சரியா என்று அன்றே பாருங்கள். 214-ஓடு சேர்த்து நகல் எடுத்து விஏ-வுக்குக் கொடுங்கள். பர்பிள் ஹார்ட் சேர்ந்திருந்தால் விஏ மருத்துவத்தில் மூன்றாம் முன்னுரிமைக் குழுவில் வருவார், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யவும் தகுதி உண்டு, அரசு தரும் கல்லறைக் கல்லில் அதைப் பொறிக்கவும் இந்தத் தாள்தான் ஆதாரம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகான சேவையில் பர்பிள் ஹார்ட் வாங்கியவர்களுக்கு ஜிஐ பில் கல்வி உதவி முழுமையாகக் கிடைக்கும். கவுண்டியில் பதியும் முன் அங்கே அது பொது ஆவணமாகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சமூகப் பாதுகாப்பு எண் அதில் இருக்கிறது.

பெரியவருக்கு 215 ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. பதக்கப் பெட்டி சில வாரம் கழித்து வந்தது. அவர் மனைவி அதைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அவர் பதக்கத்தைவிட அந்தத் தாளைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. பிறகு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து பழைய 214-ஐ வெளியே எடுத்து, இரண்டையும் ஒரு கிளிப்பில் போட்டார்.